ஏயர் அண்ட் ஸன்: ஒரு விளம்பர ஸ்தாபனத்தின் பெயரும் வரலாறும்

நம் நாட்டுக் கடைத்தெருக்களில் நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை என்று எதை எடுத்துக்கொண்டாலும், 'அண்ட் ஸன்ஸ்' என்று முடியும் பெயர்ப்பலகை ஒன்றேனும் கண்ணில் படாமல் போகாது. தகப்பனார் கடை வைத்து, வியாபாரம் வேரூன்றி, பிள்ளைகள் தலையெடுத்துக் கல்லாவில் உட்காரத் தொடங்கிய பிறகு, அவர்களுடைய உரிமையை ஊரறியச் செய்யும் பொருட்டுப் பலகையைப் புதிதாக எழுதி மாட்டுவது வணிகர்களின் நெடுநாள் வழக்கம். 1869ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் தோன்றிய ஒரு சிறிய விளம்பர ஏஜென்ஸி இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிற்று. அங்கே தொழிலை ஆரம்பித்தவர் மகன். முதலைச் சேர்த்துப் போட்டவர் மகன். வியாபாரிகளின் வாசற்படி ஏறி இறங்கியவரும் மகனே. பலகையில் முதலிடம் பெற்றதோ தந்தையின் பெயர். என். டபிள்யூ. ஏயர் அண்ட் ஸன் என்ற அந்தப் பெயர், பிற்காலத்தில் ஏற்பட்ட சிற்சில மாற்றங்களுடன், 2002 வரையில் அமெரிக்க விளம்பர உலகில் வழங்கியது. விளம்பரத் தரகு என்பது மதிப்புக்குரிய தொழிலாக மாறிய விதத்தையும், அந்த மாற்றத்தில் எஞ்சி நின்ற குறைகளையும் அறிய விரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு பெயரின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான வழி வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

மகனின் பெயர் பிரான்சிஸ் வேலண்ட் ஏயர். மாசசூஸெட்ஸ் மாநிலத்து லீ என்ற ஊரில் 1848இல் பிறந்தவர். தந்தையான நேதன் வீலர் ஏயர் பள்ளி ஆசிரியர். பாப்டிஸ்ட் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். செல்வம் சேர்க்கத் தெரியாதவர். மகனும் பதினான்காம் வயதிலேயே கிராமப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, சேர்த்த சிறு தொகையைக் கொண்டு ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்து, மேற்கொண்டு படிக்கக் கையில் பணமின்றி, தந்தை பெண்கள் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாப்டிஸ்ட் வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கமிஷன் அடிப்படையில் விளம்பரம் சேகரிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அந்த வேலையில் கண்ட லாபமே, தாமும் ஒரு ஏஜென்ஸி வைக்கலாம் என்ற துணிவை அவருக்கு அளித்தது. மூலதனம் 250 டாலர், வயது இருபத்தொன்று, கைவசம் இருந்த சரக்கு பதினொரு சமயப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள்.

தந்தையின் பெயரை முன்னிறுத்தியதற்குப் பிள்ளைப் பாசம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மாத்திரமே காரணம் என்று கொள்வது, அக்காலத்து விளம்பரத் தரகரின் நிலையை அறியாமையின் விளைவாகும். தரகரிடம் அச்சுக்கூடம் கிடையாது, பத்திரிகை கிடையாது, விற்கும் பண்டம் எதுவும் அவருடையதன்று. பிறருடைய பத்திரிகையில் உள்ள வெற்றிடத்தைப் பிறருடைய பண்டத்துக்காக விலைபேசி முடிப்பவர் அவர். அத்தகைய ஒருவரிடம் வியாபாரி முன்பணம் கொடுக்கவேண்டுமானால், பத்திரிகைக்காரர் அவரை நம்பிக் கடனாக இடம் ஒதுக்கவேண்டுமானால், இருவரும் பார்ப்பது அந்த மனிதரின் நாணயம் ஒன்றையே. மீசை முளைத்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞனுக்கு நாணயஸ்தன் என்ற கீர்த்தி எங்கிருந்து வரும்? நரைத்த தலையுடைய ஓர் ஆசிரியரின் பெயர் முன்னே நின்றால், ஒரு தலைமுறையாக நடந்துவரும் கடை என்ற எண்ணம் கேட்பவர் மனத்தில் தானாகவே எழும். தந்தையும் பெயரளவில் நின்றுவிடாமல் பங்காளியாகச் சேர்ந்துகொண்டமையால் பலகையில் பொய் ஏதும் இல்லை. எனினும் அப்பலகை உணர்த்திய நீண்ட பழமை இனிமேல்தான் சம்பாதிக்கப்படவேண்டிய ஒன்றாக இருந்தது.

இளைய ஏயருக்கு முன்னே இத்தொழிலைச் செய்தவர்கள் விட்டுச்சென்ற பெயரும் அவ்வளவு நல்லதாக இல்லை. அமெரிக்காவின் முதல் விளம்பர ஏஜெண்டு என்று கருதப்படும் வால்னி பாமர், 1840களின் தொடக்கத்தில் அதே பிலடெல்பியாவில் தொழிலை ஆரம்பித்தபோது, தம்மைப் பத்திரிகைகளின் பிரதிநிதி என்றே சொல்லிக்கொண்டார். அவை கொடுத்த 25 சதவிகிதக் கமிஷனே அவருடைய ஜீவனம். பிறகு 1865இல் பாஸ்டன் நகரில் தோன்றிய ஜார்ஜ் ரோவல், நூறு பத்திரிகைகளில் இடத்தை மொத்தமாக வாங்கிவைத்துக்கொண்டு, மாதம் ஓர் அங்குல இடம் நூறு பத்திரிகைகளில் நூறு டாலர் என்று சில்லறையாக விற்றார். வாங்கிய விலை என்ன, விற்ற விலை என்ன என்பது தரகரின் நெஞ்சுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பத்திரிகைகளோ தங்கள் பிரதிகளின் எண்ணிக்கையைத் தோன்றியபடி பெருக்கிச் சொல்லின; கட்டணத்துக்கு நிலையான விகிதமும் இல்லை. ஆகவே தரகர் ஒரே சமயத்தில் பத்திரிகையை அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுபவராகவும், வியாபாரியிடம் முடிந்த மட்டும் கூட்டிச் சொல்பவராகவும் இருந்தார். அவர் யாருக்காக உழைக்கிறார் என்ற கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றே: தமக்காக.

இவ்விடத்தில் வாசகர்களுக்கு ஒரு மயக்கம் நேராதபடி சொல்லிவைக்கவேண்டியது ஒன்றுண்டு. அதே காலத்தில் மாசசூஸெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் ஜே. சி. ஏயர் என்ற மற்றொருவர், இருமல் மருந்தும் ரத்தசுத்தி மருந்தும் விற்றுப் பெருஞ்செல்வம் குவித்து, பத்திரிகைகள்தோறும் விளம்பரம் செய்து பிரசித்தி பெற்றிருந்தார். அம்மாநிலத்தில் ஓர் ஊருக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. பிலடெல்பியா ஏயர்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். பழைய பத்திரிகைகளைப் புரட்டும் ஆராய்ச்சியாளர்கள் 'ஏயர்' என்ற பெயரைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடக்கூடாது.

1873இல் தந்தை காலமானார். கணக்கராக வேலை பார்த்த ஜார்ஜ் வாலஸ் என்பவர் பங்காளியாக்கப்பட்டார். முறைப்படி பார்த்தால் பலகையில் வாலஸின் பெயர் ஏறியிருக்கவேண்டும். தந்தையின் பெயர் இறங்கியிருக்கவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பின்னரும் எத்தனையோ பங்காளிகள் வந்து போனார்கள், பெயர் அசையவில்லை. அது ஒரு மனிதரைக் குறிப்பதை விட்டு, ஒரு ஸ்தாபனத்தின் வாக்குறுதியைக் குறிக்கும் சொல்லாக மாறிக்கொண்டிருந்தது. 1877இல் கோ, வெதரில் என்ற பிலடெல்பியா ஏஜென்ஸியை ஏயர் விலைக்கு வாங்கினார். கைமாறிக் கைமாறி வந்த பாமரின் பழைய தொழிலே அது. அதனால், தந்தை பெயரால் கடன் வாங்கிய பழமைக்கு மேலாக, நாட்டின் முதல் விளம்பர ஏஜென்ஸியின் வாரிசு என்று உரிமை கொண்டாடும் வாய்ப்பும் இந்த ஸ்தாபனத்துக்குக் கிட்டியது. விலைக்கு வாங்கிய மரபு மரபாகுமா என்று கேட்டால், சட்டப்படி ஆகும். சரித்திரப்படி நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். ஏயர் ஸ்தாபனத்தின் உண்மையான பெருமை பாமரிடமிருந்து வந்ததன்று. பாமரும் ரோவலும் செய்யாத ஒரு காரியத்தை அது செய்ததிலிருந்தே வந்தது.

அக்காரியம் 1870களின் நடுவில் ஆரம்பமாயிற்று. திறந்த ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதன் அமைப்பு எளிது. ஏஜென்ஸி இனி இடத்தை வாங்கி விற்காது. விளம்பரம் செய்யும் வியாபாரியின் பிரதிநிதியாக நின்று, பத்திரிகையிடம் எவ்வளவு குறைந்த கட்டணத்துக்கு இடம் பெறமுடியுமோ அவ்வளவுக்குப் பெற்று, உண்மையில் கொடுத்த தொகையை மறைக்காமல் காட்டி, அதன்மேல் முன்னரே பேசி முடித்த கமிஷனை மாத்திரம் வாங்கிக்கொள்ளும். எந்தப் பத்திரிகையில் எத்தனை முறை விளம்பரம் வெளியிடுவது என்பதை நடுவில் மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. இம்முறையை முதலில் ஏற்றவர்கள் பென்சில்வேனியாவில் ரோஜாச் செடி வளர்த்துத் தபால் மூலம் விற்றுவந்த டிங்கி அண்ட் கொனார்ட் என்ற வியாபாரிகள். கமிஷன் விகிதம் ஆரம்பத்தில் சற்றுக் குறைவாக இருந்து, பிறகு 15 சதவிகிதத்தில் நிலைத்தது. காலப்போக்கில் அமெரிக்க விளம்பரத் தொழில் முழுவதுக்கும் அதுவே மரபான விகிதமாயிற்று.

இந்த மாறுதலின் முக்கியத்துவத்தைப் பணத்தைக் கொண்டு மட்டும் அளவிடுவது தவறு. ரகசிய லாபம் இருக்கும் வரையில் தரகருக்குச் சாதகமான பத்திரிகை எது என்றால், அவர் மலிவாக மொத்தத்தில் வாங்கிவைத்த பத்திரிகை. வியாபாரிக்குச் சாதகமான பத்திரிகை எது என்ற ஆராய்ச்சிக்கே அங்கே இடமில்லை. கொடுத்த விலையைக் காட்டியே தீரவேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான், இந்தப் பண்டத்தை வாங்கக்கூடிய ஜனங்கள் யார், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்ற கேள்விகள் தரகரின் மேஜைக்கு வந்தன. பின்னால் விளம்பரக் கலை என்றும் விற்பனை ஆராய்ச்சி என்றும் விரிந்த யாவும் இந்தக் கேள்விகளிலிருந்து கிளைத்தவை. பழைய முறை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஏயர் ஸ்தாபனத்திலேயே பல ஆண்டுகள் இரு முறைகளும் அருகருகே நடந்துவந்தன. ஆயினும் திசை மாறிவிட்டது.

அதே சமயத்தில், இந்தச் சீர்திருத்தத்தின் உள்ளேயே ஒரு முரண்பாடு குடிகொண்டிருந்ததையும் மறைப்பதற்கில்லை. கமிஷன் என்பது செலவழித்த தொகையின் விகிதம். ஆகவே, இந்த ஆண்டு விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்லும் ஏஜெண்டு தம் வருமானத்தைத் தாமே வெட்டிக்கொள்கிறார். யோசனை சொல்பவரின் கூலி, யோசனையின் பயனைப் பொறுத்திராமல் செலவின் அளவைப் பொறுத்திருந்தால், அந்த யோசனை முற்றிலும் பட்சபாதமற்றதாக இருக்கமுடியுமா? இக்கேள்வியை அமெரிக்கா நெடுங்காலம் தள்ளிப்போட்டது. கமிஷன் விகிதத்தைத் தொழில் சங்கங்கள் கட்டுப்பாடாக நிலைநிறுத்துவது போட்டிக்குத் தடை என்று அரசாங்கம் வழக்குத் தொடர்ந்து, 1956இல் உடன்பாட்டுத் தீர்ப்பு ஏற்பட்ட பிறகே, 15 சதவிகிதத்தின் ஏகாதிபத்தியம் தளரத் தொடங்கியது.

திறந்த ஒப்பந்தத்தின் பலன் விரைவில் ஒரு விசித்திரமான சந்தர்ப்பத்தில் தெரிந்தது. 1879இல் கதிரடிக்கும் இயந்திரங்கள் செய்யும் நிக்கல்ஸ்-ஷெப்பர்ட் கம்பெனியின் விளம்பரத்தைப் பெற ஏயர் முயன்றபோது, எந்தெந்தப் பிரதேசங்களில் தானியம் விளைகிறது என்ற விவரம் இல்லாமல் பத்திரிகைகளைத் தேர்ந்தெடுக்க வழியில்லை என்பது புலப்பட்டது. ஏஜென்ஸியார் நாடெங்கிலும் மாநில அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தந்தி அடித்து, வந்த பதில்களை மாநிலவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தொகுத்துக் கம்பெனியின் முன் வைத்தார்கள். விற்பனைச் சந்தையைக் குறித்த முறையான ஆராய்ச்சிகளில் மிகப் பழமையானதாக விளம்பர வரலாற்றாசிரியர்கள் சுட்டுவது இதனையே. அடுத்த ஆண்டு, 1880இல், அமெரிக்கப் பத்திரிகைகளின் பெயர், ஊர், பிரதிகளின் எண்ணிக்கை முதலியவற்றைத் திரட்டிய ஆண்டுப் புத்தகம் ஏயரின் பெயரால் வெளிவரத் தொடங்கியது. ரோவல் 1869 முதல் வெளியிட்டுவந்த இத்தகைய புத்தகமும் பிற்பாடு இதனுடன் இணைந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நூல் நிலையங்களில் 'ஏயர்' என்றால் விளம்பர ஏஜென்ஸி நினைவுக்கு வருவதற்கு முன்னே இப்புத்தகமே நினைவுக்கு வரும். 1886இல், விடாது முயன்றுகொண்டே இருப்பது வெற்றி தரும் என்ற பொருள்பட ஒரு குறிக்கோள் வாக்கியத்தை ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது. ஏயரின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு அது அலங்காரமாகத் தோன்றியிராது.

தன் பெயரை நிலைநாட்டிக்கொண்ட ஸ்தாபனம், பிறர் பண்டங்களுக்குப் பெயர் சூட்டும் வேலைக்கு வந்தது 1890களின் இறுதியில். அதுவரையில் அமெரிக்கப் பலசரக்குக் கடைகளில் பிஸ்கட் என்பது பெயரற்ற பண்டம். கடைக்காரர் திறந்த பீப்பாயிலிருந்து கையால் அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். தூசியும் ஈரமும் அதில் சேராத நாள் இல்லை. 1898இல் பல பிஸ்கட் தொழிற்சாலைகள் ஒன்று கூடி நேஷனல் பிஸ்கட் கம்பெனியாக அமைந்தபோது, அதன் தலைவர் அடால்பஸ் கிரீன், ஈரம் புகாத உள்ளுறையுடன் கூடிய அட்டைப்பெட்டியில் அடைத்து ஒரே பெயரால் நாடு முழுவதும் விற்பது என்று தீர்மானித்தார். ஏயரின் பங்காளிகளுள் ஒருவரான ஹென்றி மெக்கின்னி முன்வைத்த பெயர்களுள் தேர்ந்தெடுக்கப்பட்டது 'யுநீடா' என்பது. உச்சரித்தால் 'உனக்கு ஒன்று வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும். பத்திரிகைகளிலும் டிராம் வண்டிகளிலும் சுவர்களிலும் முதலில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் தோன்றியது. பிறகு பிஸ்கட் என்ற சொல் சேர்ந்தது. மழைக்கோட்டு அணிந்து பிஸ்கட் பெட்டியைக் கையில் இடுக்கிய சிறுவனின் படம் வந்தது. ஈரம் அணுகாத பண்டம் என்பதை அந்த மழைக்கோட்டைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லியிருக்கமுடியாது. பெயரும் பெட்டியும் படமும் விளம்பரமும் ஒரே யோசனையின் அங்கங்களாக அமைந்த முதல் பெரிய முயற்சிகளுள் இது ஒன்று. பெயரில்லாத பீப்பாய்ச் சரக்கு, கடைக்காரரின் நாணயத்தை நம்பி விற்பனையாகும். பெயருள்ள பெட்டி, செய்தவரின் நாணயத்தை நம்பி விற்பனையாகும். அதுவரை தராசுக்காரரிடம் இருந்த அதிகாரம் தொழிற்சாலைக்கு மாறியதை இந்த ஒரு பிஸ்கட் பெட்டியில் காணலாம்.

உப்பின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் கட்டியாகி நீர்விடுவது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதன்று. மார்ட்டன் உப்புக் கம்பெனியார், மக்னீசியம் கார்பனேட்டைச் சிறிது கலந்து, ஈரக்காற்றிலும் தாராளமாகக் கொட்டும் உப்பைச் செய்தார்கள். 1911இல் ஏயர் ஏஜென்ஸி அவர்களுக்காகப் பன்னிரண்டு விளம்பரங்களைத் தயாரித்து, மாற்றாக இன்னும் மூன்றையும் உடன் கொண்டுசென்றது. கம்பெனி முதலாளியின் மகன் ஸ்டெர்லிங் மார்ட்டனின் கண்ணில் பட்டது மாற்றாக வந்த ஒன்று: கொட்டும் மழையில் ஒரு கையில் குடை, மறு கையில் பின்புறமாகச் சாய்த்த உப்புப் பெட்டி, அதிலிருந்து வழியெல்லாம் உப்பு சிந்த நடந்துசெல்லும் சிறுமி. படத்தோடு இருந்த வாசகம் நீளமாக இருந்தது. அதைச் சுருக்கும் முயற்சியில், மழை பெய்தால் கொட்டித்தான் தீர்க்கும், அதாவது துன்பம் தனித்து வராது என்னும் பொருளுடைய ஆங்கிலப் பழமொழி ஒன்று யோசனைக்கு வந்தது. அதன் துயரச் சாயல் பண்டத்துக்குப் பொருந்தாது என்று பட்டதால், மழை பெய்யும்போதும் இது கொட்டும் என்று நல்ல பொருள் தரும்படி அதனைத் திருப்பி அமைத்தார்கள். 1914இல் அச்சிறுமி பெட்டியின்மேல் ஏறினாள். உடையும் தலைமுடியும் காலத்துக்குக் காலம் மாறினாலும் அவள் இன்னும் அப்பெட்டியிலேயே இருக்கிறாள். முதன்மையாகத் தயாரித்த பன்னிரண்டும் மறைந்துபோக, உபரியாக எடுத்துச்சென்ற ஒன்று நிலைத்ததைக் காணும்போது, நூறாண்டு வாழும் விளம்பரத்தை முன்கூட்டியே கணித்துவிடலாம் என்று பேசுவோரின் சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

சமயப்பற்றுள்ள ஏயர், எந்தப் பண்டத்துக்கு விளம்பரம் செய்வது என்பதிலும் தம் மனசாட்சியைக் கேட்டார். நோய்களையெல்லாம் தீர்ப்பதாகப் புளுகிய காப்புரிமை மருந்துகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏஜென்ஸிகளின் அன்னதாதாவாக இருந்தவை. ஏயர் ஸ்தாபனமும் ஆரம்பத்தில் அவற்றை ஏற்றிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டது. மதுபானங்களையும் விலக்கியது. ஆனால் புகையிலைக்கு அந்த விலக்கு ஏற்படவில்லை. ரெய்னால்ட்ஸ் கம்பெனி 1913இல் கேமல் சிகரெட்டை வெளியிட்டபோது, ஒட்டகங்கள் வருகின்றன என்று முன்னறிவிப்புச் செய்து நாட்டு மக்களின் ஆவலைத் தூண்டிய விளம்பரங்கள் ஏயர் ஏஜென்ஸியுடையவை. புகையின் தீங்கை விஞ்ஞானம் நிரூபிப்பதற்கு முந்தைய காலம் அது என்பது உண்மை. அதனால் அந்த மனிதரைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் ஓர் ஏஜென்ஸியின் ஒழுக்க விதி அதை வகுத்தவரின் சமயக் கொள்கையை மட்டும் ஆதாரமாகக் கொண்டிருந்தால், அவருடைய சமயம் பேசாத விஷயங்களில் அந்த விதியும் பேசாது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

1908 முதல் தொலைபேசிக் கம்பெனியின் விளம்பரங்கள் ஏயரிடம் இருந்தன. 1923இல் வானொலியில் எவரெடி நிகழ்ச்சியைத் தயாரித்ததும் இந்த ஏஜென்ஸியே. 1927 டிசம்பரில் ஹென்றி போர்டு புதிய மாடல்-ஏ காரை வெளியிட்டபோது சுமார் 2,000 பத்திரிகைகளில் ஐந்து நாள் தொடர்ந்து முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. அந்த வேலையும் இவர்களுடையது. பிலடெல்பியாவின் வாஷிங்டன் சதுக்கத்தில் 1929இல் கட்டி முடிந்த தலைமையகம் இந்த வளர்ச்சியின் சின்னம். இன்று அது குடியிருப்பு மாளிகை. ஏயர் அதைக் காணவில்லை, 1923இலேயே காலமாகிவிட்டார். பின்பு தலைமை ஏற்றவர் அவருடைய மருமகன் வில்ஃபிரட் ஃபிரை. தந்தையும் மகனும் இல்லாத இடத்தில் மருமகன் அமர்ந்து நடத்திய பின்னும், 1936இல் ஃபிரை இறந்து குடும்பத்துக்கு வெளியேயிருந்து ஹாரி பேட்டன் தலைவரான பின்னும், பெயரிலிருந்த 'ஸன்' அப்படியே இருந்தது.

இந்த ஸ்தாபனத்தின் வாசகங்களுள் உலகமெங்கும் பரவியது வைரத்தைப் பற்றியது. 1938இல் தென்னாப்பிரிக்க டி பியர்ஸ் நிறுவனத்தின் ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க்கில் ஏயர் ஏஜென்ஸியாரைச் சந்தித்தார். பொருளாதார மந்தத்தால் வைரத்தின் விலை வீழ்ந்திருந்தது. ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தின் காரணமாக டி பியர்ஸ் அந்நாளில் அமெரிக்காவில் நேரடியாக வியாபாரம் செய்ய முடியாது; ஆகவே அந்த விளம்பரங்கள் எந்தக் கடையையும் எந்த முத்திரைப் பெயரையும் விற்க முடியாது; வைரம் என்ற எண்ணத்தை மாத்திரமே விற்கவேண்டும். பிக்காஸோ, டாலி, டெரேன் முதலிய ஓவியர்களின் படங்களுடன் பக்கங்கள் வெளியாயின; நடிகையரின் விரல்களில் மோதிரங்கள் பேசப்பட்டன; பள்ளி மாணவிகளுக்குச் சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் இன்றியமையாதது என்ற வழக்கம் இவ்வாறு பேணி வளர்க்கப்பட்டது. 1947இல் பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் எழுத்தாளர், வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற கருத்தை நான்கு ஆங்கிலச் சொற்களில் அடக்கி எழுதினார். முதலில் சகாக்களிடம் பெரிய உற்சாகம் எழவில்லை. அடுத்த ஆண்டு முதல் அது ஒவ்வொரு விளம்பரத்திலும் இடம் பெற்றது. 1999இல் 'அட்வர்டைஸிங் ஏஜ்' பத்திரிகை அதனை அந்த நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வாசகமாகத் தேர்ந்தெடுத்தது. ஜெரட்டி மணம் புரிந்துகொள்ளாதவர். 1943 முதல் 1970 வரை அதே ஏஜென்ஸியில் எழுதியவர். கோடிக்கணக்கான தம்பதியர் அறிந்த வாசகத்தின் ஆசிரியையை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? பலகையில் நிறுவனர் பெயரும், பெட்டியில் பண்டத்தின் பெயரும் நிற்க, இரண்டுக்கும் இடையே எழுதியவரின் பெயர் எங்கும் இராது என்பது இத்தொழிலின் எழுதாச் சட்டம். அந்தச் சட்டம் எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே மூச்சில், இந்த வாசகம் செய்த வேலையையும் நான் முழுமனத்துடன் போற்றமாட்டேன். என்றென்றைக்கும் என்ற சொல்லின் வியாபாரப் பயன், வாங்கிய வைரத்தை யாரும் மறுபடி விற்காமல் இருப்பது. பழைய கற்கள் சந்தைக்குத் திரும்பினால் விலை நிற்காது. சாமானியனின் ஒருமாதச் சம்பளத்துக்கு மேல் விழுங்கும் ஒரு கல்லை அன்பின் அளவுகோலாக்கியதில் அந்த அழகிய வாசகத்துக்குப் பங்கு உண்டு.

எழுபதுகளில் ஏஜென்ஸி பிலடெல்பியாவை விட்டு நியூயார்க்குக்கு முழுமையாகக் குடியேறியது. தொலைபேசியால் தொலைவிலுள்ளவரைத் தொட்டு உறவாடச் சொன்ன 1979ஆம் ஆண்டு வாசகமும், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் சேர்த்த வாசகமும் அதன் பிற்கால வெற்றிகள். ராணுவம் அந்த வாசகத்தை இடையில் கைவிட்டு 2023இல் மீண்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் ஸ்தாபனத்தின் பெயர் தளர்ந்துவந்தது. முதலெழுத்துகளுக்குப் பின் இருந்த புள்ளிகள் போயின, 'ஸன்' போயிற்று, 'பார்ட்னர்ஸ்' வந்தது. டி பியர்ஸ் விலகியது. 1996இல் மாக்மேனஸ் குழுமம் அதை வாங்கியது. அக்குழுமம் லியோ பர்னெட்டின் குழுமத்துடன் சேர்ந்து பிகாம்-3 ஆயிற்று. 2002இல் பிரான்ஸ் நாட்டுப் பப்ளிசிஸ் அதையும் விழுங்கிய ஆண்டில் ஏயர் என்ற ஏஜென்ஸி மூடப்பட்டு, எஞ்சிய வாடிக்கையாளர்கள் கப்லன் தேலர் என்ற ஏஜென்ஸிக்கு மாற்றப்பட்டார்கள். ஸ்தாபனத்தின் விளம்பர அச்சுப் பிரதிகளும் கடிதங்களும் வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரால்ஃப் ஹோவர் என்ற வரலாற்றாசிரியர், கணக்குப் புத்தகங்களையே பார்வையிட அநுமதி பெற்று 1939இல் எழுதிய விரிவான நூல், ஒரு விளம்பர ஏஜென்ஸியைப் பற்றிய முதல் தீவிரமான ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்தது.

ஏயரின் கதி தனிப்பட்டதன்று. 1878இல் ஜேம்ஸ் வால்டர் தாம்சன் தாம் வேலை பார்த்த ஏஜென்ஸியை 500 டாலருக்கும், அதன் மேஜை நாற்காலிகளை 800 டாலருக்கும் வாங்கித் தம் பெயரைச் சூட்டினார். தொழிலைவிட மரச்சாமான் விலையுயர்ந்ததாயிருந்த அந்த நிறுவனம் உலகமெங்கும் கிளை பரப்பி, 2018இல் பாதிப் பெயரை இழந்து, ஐந்தாண்டில் மீதியையும் இழந்தது. 1949இல் நியூயார்க்கில் டாயில், டேன், பெர்ன்பாக் மூவரும் சேர்ந்தபோது பெயர்களுக்கிடையே காற்புள்ளிகூட வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பின்னர் இணைப்புகள் அதை மூன்றெழுத்தாக்கின. பங்குச்சந்தையில் விலை போகும் குழுமங்கள் ஏஜென்ஸிகளை வாங்கத் தொடங்கிய பிறகு, ஒரு மனிதர் தம் பெயரை ஈடு வைத்து வாக்களிப்பது என்ற பழைய ஏற்பாட்டுக்கு முதலாளிகளிடம் மதிப்புக் குறைந்தது. ஆனால் சிறிய ஏஜென்ஸி தொடங்குகிறவர்களிடம் அந்த ஆசை குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த டேவிட் ட்ரோகா 2006இல் நியூயார்க்கில் ஏஜென்ஸி ஆரம்பித்தபோது அதற்கு ட்ரோகா-5 என்று பெயரிட்டார். உடன்பிறந்தார் பலருடைய துணிகள் சலவையில் கலந்துவிடாதபடி, ஐந்தாமவரான அவருடைய உடைகளில் அவருடைய தாயார் தைத்துவைத்த அடையாளச் சீட்டில் இருந்த எழுத்தும் எண்ணுமே அப்பெயர். அந்த ஏஜென்ஸியை 2019இல் அக்ஸென்ச்சர் கம்பெனி வாங்கியது.